வேண்டாம் என்று சொல்லக்கூடாத நாள்

மார்ச் 2, ஞாயிறு

ஆமாம், நான்தான் சொன்னேன். விதியை உண்டாக்கியது நான். அவன் தலையாட்டினான், அவ்வளவுதான்.

விதி இது: வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு நாள், பதினான்காம் தேதி, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை இருவரில் யாரும் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடாது. யார் எதற்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும். எதை நீட்டினாலும் தின்ன வேண்டும்.

கல்யாணமாகி மூன்று வருடங்களில் அவன் அதிகம் உச்சரித்த சொல் அது. சினிமா? வேண்டாம், நீ போய்ட்டு வா. புதுச் சட்டை? வேண்டாம், இருக்கறதே போதும். பிறந்தநாளைக்கு ஒரு கேக்? அதெல்லாம் எதுக்கு?

"சரிங்க புரொபசர்" என்றான். நான் புரொபசர் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் பதிவுசெய்து கொண்டுவரும் பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவள். பேசியவர் எங்கே நிறுத்தினார், எங்கே தொண்டையைச் செருமினார், எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். (மௌனம், 4 நொடி.) அதற்குத்தான் சம்பளம்.

மார்ச் 6, வியாழன்

சாப்பாட்டு மேஜைமேல் பெல்ட். தட்டு வைக்க இடமில்லை.

மாதம் ஒருமுறை தன் வேலைப் பெல்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, விளக்கடியில் விரித்து, அங்குலம் அங்குலமாகப் பார்ப்பான். லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் அந்தப் பெல்ட்டை நம்பித்தான் தொங்குகிறான்.

"இங்க பாரேன். உள்ள சிவப்பா ஒரு நூல் வெச்சுத் தெச்சிருப்பான். வெளித் துணி தேய்ஞ்சு அந்தச் சிவப்பு எட்டிப் பாத்துச்சுன்னா, பெல்ட் செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"ம்" என்றேன். காதில் ஹெட்ஃபோன். யாரோ ஒரு மீனவர் தன் முதல் படகைப் பற்றி அழுதுகொண்டிருந்தார்.

நாற்பத்திரண்டு மாடிக் கோபுரத்தின் வேலை அவன் கம்பெனிக்குக் கிடைத்துவிட்டதாம். ஆறு லிஃப்ட். குழுவுக்கு அவனைத்தான் தலைவனாகப் போடுவதாக மேனேஜர் வாயால் சொல்லிவிட்டார். ஆர்டர் நாங்கள் திரும்பி வந்த பிறகு. ஆறு வருடமாகக் காத்திருக்கிறான். "வந்தா பாக்கலாம்" என்றுதான் சொன்னான். ஆனால் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டே விசில் அடித்தான்.

மார்ச் 9, ஞாயிறு

பெட்டி கட்டினோம். பேச்சு எப்படியோ நாங்கள் சந்தித்த நாளுக்குப் போனது. என் அலுவலகம் இருக்கும் நூலகக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி இவன் வந்திருந்தான். முடித்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க" என்றான். என்ன பழுது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க, ஏறுங்க."

இன்று கேட்டேன், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று.

"ஏறப்போறவங்ககிட்ட கோளாறைச் சொல்லக்கூடாது. சொன்னா வாழ்நாள் பூரா படியிலதான் போவாங்க. சரி பண்ணிட்டு ஏறுங்கன்னு சொல்லணும். அதான் எங்க தொழில்."

"அப்ப என்கிட்டயும் அப்படித்தானா?"

"உன்கிட்ட என்ன கோளாறு? நீயேதான் கோளாறு" என்று சிரித்து என் ஈரத் துண்டை அவன் சட்டைகள்மேல் வைத்து மூடிவிட்டான்.

மார்ச் 15, சனி

ஓட்டல் அறை. அவன் டீ தேடிக் கீழே போயிருக்கிறான். நேற்றை எழுதிவிட வேண்டும். கோபம் இன்னும் இருக்கும்போதே.

காலை ஏழு மணிக்கு வேன். ஓட்டுநருக்கு எங்கள் மொழி தெரியாது, எங்களுக்கு அவர் மொழி தெரியாது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் பின்னால் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"அவரை ரோட்டைப் பாக்கச் சொல்லேன்" என்றான்.

"வேண்டாம்ங்கறியா?"

"ஐயோ, இல்லம்மா. ரோடும் அழகாத்தான் இருக்கு, அதையும் பாக்கலாமேங்கறேன்."

சிரித்தோம். வேனில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி.

பள்ளத்தாக்கு. இரண்டு மலைகளுக்கு நடுவே கட்டிய கம்பி, அதிலிருந்து தொங்கும் கயிறு. விளிம்பிலிருந்து குதித்தால் ஊஞ்சல் மாதிரி எதிர் மலைவரை போய்த் திரும்புவோம். கீழே ஆறு ஒரு கோடு. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அவனுக்காகத்தான். உயரத்தில் வேலை செய்கிறவன், இங்கேயாவது குதூகலப்படுவான் என்று.

குதிக்கும் மேடைக்குக் கீழே ஒரு கொட்டகையில் பெல்ட் மாட்டினார்கள். தன்னுடையதை அவன் பார்த்தான் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். வரிசையே நகரவில்லை. என்னுடையதை ஒருத்தி மாட்டிவிட்டு உடனே மேலே அனுப்பிவிட்டாள். மேடைக்குப் போன பிறகு வந்து சேர்ந்தான். வந்தவன் என்னைக் குனிந்து பார்த்தான். பிறகு மண்டியிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், என் பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான். தன்னுடையதையும் கழற்றினான். அதை எனக்கு மாட்டி, தொடையிலும் இடுப்பிலும் இழுத்து இறுக்கினான்.

"என்ன பண்ற? எல்லாரும் பாக்கறாங்க."

"இது உனக்குச் சரியா இருக்கும்."

எனக்கு முன்னால் இரண்டு பேர். இவன் என் பழைய பெல்ட்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, குதிக்கவைக்கிற தொப்பிக்காரனிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தான். தொப்பிக்காரன் கையை நீட்ட, இவன் தரமாட்டேன் என்கிறான். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போனை எடுத்துப் படம்பிடித்தேன். கூசும்போது நானும் சிரிக்கிறவர்கள் பக்கம் போய் நின்றுகொள்வேன். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி.

"என்னாச்சு? வரலயா நீ?" என்று கத்தினேன்.

நிமிர்ந்து போனைப் பார்த்தான். "எனக்குப் பயமா இருக்கு. நீ போ."

போனேன். போனைக் கழுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு குதித்தேன். அதை எழுத வரவில்லை. வயிறு எங்கோ மேலேயே நின்றுவிட்டது. எதிர் மலையின் ஈரப் பாறை முகத்துக்கு அருகில் வந்து விலகிப் போனது.

திரும்பி வந்தபோது குப்பைத்தொட்டி பக்கத்தில் ஒரு பெல்ட் இரண்டாக வெட்டிக் கிடந்தது. அவன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வேறு பெல்ட் வர ஒரு மணிநேரம் ஆகுமாம், வேன் கிளம்பிவிடுமாம். "விதியை மீறிட்ட" என்றேன். "வேண்டாம்னு சொல்லலயே. பயம்னுதானே சொன்னேன்?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் ரப்பர்ப் படகு. அதில் மட்டும் எங்கிருந்து அவ்வளவு தைரியமோ! முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டான். யாரோ ஓர் அம்மாள் தண்ணீரில் விழுந்ததும் அவளுடைய மேலங்கியைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கிப் போட்டான். "பரவாயில்லயே, தரையில வீரந்தான்" என்றேன். "இது தண்ணி" என்றான்.

மாலை ஆற்றங்கரைக் கடைகள். புகை, அனலில் மீன், குச்சியில் கோத்த இறைச்சி. ஒரு கடைக்காரி தட்டில் வறுத்த வெட்டுக்கிளி வைத்திருந்தாள். நான் சும்மா விளையாட்டுக்கு எடுத்து நீட்டினேன். வாங்கி மென்றான். கண்ணில் தண்ணீர். இன்னொன்று நீட்டினேன். அதையும். கடைக்காரி அவன் முதுகில் தட்டினாள். மூன்றாவதை நீட்டியபோது அவன் என்னைப் பார்த்த பார்வை — எதற்குத் தண்டிக்கிறாய் என்று கேட்கிற மாதிரி. ஆனாலும் வாயைத் திறந்தான்.

எனக்குச் சுட்ட சோளம் பிடித்திருந்தது. இன்னொன்று வாங்கி வருகிறேன் என்று வரிசையில் போய் நின்றான். அவன் நின்றுகொண்டிருந்தபோதுதான் வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டேன். 'லிஃப்ட் மாப்பிள்ளைக்கு உயரம்னா பயமாம்!' என்று எழுதி, சிரிக்கும் முகங்கள் நான்கு.

சோளத்தை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே வந்தான்.

மார்ச் 16, ஞாயிறு

குழுவில் நாற்பது சிரிப்புகள். அவனும் ஒரு சிரிப்பு போட்டிருக்கிறான்.

மார்ச் 20, வியாழன்

வீடு. துணி துவைத்து முடித்தாயிற்று. அவன் வேலைக்குப் போய்விட்டு ஆறு மணிக்கு வந்தான். மூஞ்சி சரியில்லை.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. எல்லாரும் என்னை 'தரைத்தளம்'ங்கறாங்க."

அண்ணன். அவன் கம்பெனியின் ஸ்டோர்ஸில்தான் என் அண்ணன் இருக்கிறான் என்பதை நான் மறந்தா போனேன்? இல்லை. யோசிக்கவில்லை. போன் செய்தேன். "தமாஷுக்குத்தான் ஆபீஸ் குழுவுல போட்டேன், நீ போட்டதைத்தானே நான் போட்டேன்?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

கோபுர வேலை வேறொருவருக்கு.

மேனேஜர் நல்லவிதமாகத்தான் சொன்னாராம். "உன் வேலையில குறை இல்லப்பா. ஆனா நாப்பத்திரண்டு மாடி. மேல போய் ஒரு செகண்ட் உனக்குத் தலை சுத்திச்சுன்னா, உன்னை நம்பி இருக்கற நாலு பேர் என்ன ஆறது?" இவனைப் புகார் பிரிவில் போட்டிருக்கிறார்கள். ஊரில் எங்கே லிஃப்ட் நின்றாலும் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தினால் மணி இவன் மேஜையில் அடிக்கும். பேசி, ஆள் அனுப்ப வேண்டும்.

"நீ சொல்ல வேண்டியதுதானே, ஏதோ ஒரு நாள் பயந்தேன்னு?"

"சொல்லி?"

பெல்ட்டைப் பரண்மேல் போட்டான். ஸ்டூல் போட்டு ஏறி, உள்ளே தள்ளி.

ஏப்ரல் 10, வியாழன்

அலுவலகத்தில், மதியம். எழுதியே ஆக வேண்டும்.

அந்த வீடியோவை அழிக்கத்தான் திறந்தேன். போனைக் கணினியில் இணைத்திருந்தேன், வேலை ஹெட்ஃபோன் காதில். காற்றைக் குறைத்து, வேகத்தைப் பாதியாக்கும் வசதி அப்படியே இருந்தது. காலையிலிருந்து ஒரு கிழவரின் முணுமுணுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன் அல்லவா? தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. கேட்டேன். திரும்பக் கேட்டேன். வேலைக்குச் செய்கிற மாதிரியே எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பதிவின் நீளம்: 51 நொடி.

நான்: எங்க வீட்டு வீரரைப் பாருங்க. பெல்ட்டையே கழட்டிட்டாரு. (சிரிப்பு)

(காற்று)

அவன்: சார், லுக். ஹியர். ரெட். ரெட் கம்மிங்.

தொப்பிக்காரர்: நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்.

அவன்: நோ. ரெட் மீன்ஸ் பெல்ட் டெட். மை ஒய்ஃப் பெல்ட், திஸ்.

(பலர் சிரிப்பு)

தொப்பிக்காரர்: கிவ். ப்ளீஸ் கிவ்.

அவன்: யூ கட். ஃபர்ஸ்ட் கட். தென் ஐ கிவ். நெக்ஸ்ட் பீப்பிள் கம்மிங், நோ? (மௌனம், 2 நொடி) ஐ நாட் ஜம்ப். ஷீ ஜம்ப். மை பெல்ட் குட். ஐ செக்.

(காற்று)

நான்: என்னாச்சு? வரலயா நீ?

(மௌனம், 3 நொடி)

அவன்: எனக்குப் பயமா இருக்கு. நீ போ.

(சிரிப்பு — என்னுடையது)

அந்த மூன்று நொடி. அதில் அவன் என்ன யோசித்தான் என்று எனக்கு இப்போது தெரியும். ஏறப்போகிறவர்களிடம் கோளாறைச் சொல்லக்கூடாது. மண்டியிட்டு அவன் என் தொடைப் பட்டையை இறுக்கியபோது அவன் கை எப்படி இருந்தது? ஞாபகமில்லை. நான் யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

கேட்டுவிட்டேன். முட்டை உரித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா சொல்லல?"

நிமிரவே இல்லை. "எப்பச் சொல்றது? முன்னாடி சொன்னா நீ குதிச்சிருக்க மாட்ட. ரெண்டு மாசமா அந்த எடத்துப் படத்தைப் பாத்துப் பாத்துச் சந்தோஷப்பட்டுட்டு இருந்த. அப்புறம் முகமெல்லாம் சிரிப்பா வந்து நின்ன. அப்பப் போய், நீ முதல்ல போட்டிருந்தது செத்த பெல்ட்டுன்னு சொல்லணுமா? மத்தியானம் ஆத்துல இறங்கியிருப்பியா நீ?"

"அங்க குதிக்கவே வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்."

"அந்த வார்த்தைதான் அன்னைக்குக் கிடையாதே." சிரித்தான். நிஜமாகவே சிரித்தான். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"மேனேஜர்கிட்டயாவது?"

"அவங்க எல்லாரும் பாத்துட்டாங்க, நானே என் வாயால சொல்றதை. இனிமே சொன்னா சாக்கு மாதிரிதான் இருக்கும். விடு. முட்டை ஆறுது."

விடு, விடு. எத்தனை முறைதான் விடுவது. நான் அழுதேன், அவன் என் தட்டில் உப்புப் போட்டான். அழாதேன்னுகூடச் சொல்ல மாட்டான்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும்: அந்தப் பெல்ட் கதை இல்லாமல், அவன் நிஜமாகவே பயந்திருந்தால்? அப்போதும் நான் படம்பிடித்தது படம்பிடித்ததுதானே? அனுப்பியது அனுப்பியதுதானே? இன்று என்னைச் சுடுவது எது — நான் செய்ததா, அல்லது தவறான ஆளுக்குச் செய்துவிட்டேன் என்பதா?

ஏப்ரல் 16, புதன்

அவனைக் கேட்காமல் செய்தேன். அந்த 51 நொடிகளின் எழுத்து வடிவத்தை, ஒரு சொல்லும் சேர்க்காமல், ஒலியைத் தெளிவாக்கிய வீடியோவோடு குடும்பக் குழுவுக்கும் மேனேஜருக்கும் அனுப்பினேன். அடியில் ஒரே வரி: 'வீடியோ எடுத்ததும் அனுப்பியதும் நான். முழுசாகக் கேட்காமல் அனுப்பினேன்.'

குழுவில்: அண்ணி ஒரு கட்டைவிரல். பெரியப்பா ஒரு ரோஜாப்பூ, காலை வணக்கத்தோடு. அவர் எதையும் படிப்பதில்லை. அண்ணன் ஒன்றும் போடவில்லை. சிரிப்பதற்கு நாற்பது பேர் வந்தார்கள்.

மேனேஜர் சாயங்காலம் கூப்பிட்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. இப்ப டீம் ஏறியாச்சு. அடுத்த டவர்ல பாக்கலாம்." அடுத்த டவர் எப்போது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வரும்" என்றார்.

அவனுக்கு என்மேல் எரிச்சல். "எல்லார் முன்னாடியும் உன்னை நீயே எதுக்குக் குறைச்சுக்கற?"

"மலையில நீ செஞ்சது என்ன?"

(மௌனம். எண்ணவில்லை.)

மே 8, வியாழன்

என் ஜன்னலிலிருந்து கோபுரம் தெரிகிறது. இருபத்தாறு மாடி வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அவன் பேருந்தில் இடப்பக்கம் உட்காருகிறான். கோபுரம் வலப்பக்கம்.

ஜூன் 1, ஞாயிறு

பரணில் சூட்கேஸ் எடுக்க ஏறினேன். பெல்ட் அங்கேயே. எலி எதுவும் கடிக்கவில்லை. விளக்கடியில் விரித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். சிவப்பு எங்கும் இல்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

இன்று நூலகக் கட்டட லிஃப்ட் நின்றது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். உள்ளே நான் மட்டும்.

விளக்கு எரிந்தது. மின்விசிறி ஓடவில்லை. மணிப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு முறை அடித்தது.

"வணக்கம், சொல்லுங்க, எந்தக் கட்டடம்?"

அவன் குரல். வீட்டில் கேட்காத குரல் — தட்டையாக, அவசரமே இல்லாமல், பஞ்சு மாதிரி.

"நூலகக் கட்டடம். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல."

(மௌனம், 3 நொடி.)

"நீயா?"

"நான்தான்."

"தனியாவா?"

"ம்."

"பயமா இருக்கா?"

மார்ச்சுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

"இருக்கு" என்றேன்.

"சரி. இருக்கட்டும். ஆள் அனுப்பறேன், இருபது நிமிஷத்துல வந்துடுவாரு. கதவு பக்கம் சாயாம உக்காந்துக்கோ."

உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடியில் நானும் உட்கார்ந்தேன்.

"என்ன கோளாறு?"

அவன் சொல்ல மாட்டான் என்று தெரியும். ஒண்ணுமில்ல, பாத்துக்கறோம் என்பான். அவன் பக்கத்தில் வேறு மணி ஒன்று அடித்தது, யாரோ எடுத்தார்கள். (மௌனம், 7 நொடி.)

"மூணாவது மாடிக் கதவுப் பூட்டுல சின்னதா ஒரு தகடு இருக்கும்" என்றான். "அது தேய்ஞ்சிருக்கு. கதவு மூடியிருந்தும் மூடலன்னு நெனச்சு லிஃப்ட் நின்னுடும். போன மாசமே மாத்தணும்னு எழுதிக் குடுத்தேன், இன்னும் மாத்தல."

"விழுமா?"

"விழாது. மேல நாலு கயிறு இருக்கு. ஒண்ணே உன்னைத் தாங்கும். நாலும் நான் மாட்டினது."

"எப்போ?"

"உன்னைப் பாத்த அன்னைக்கு. அன்னைக்குக் கோளாறு அதுதான். பழைய கயிறு ஒண்ணு பிரிய ஆரம்பிச்சிருந்துச்சு. நாலையும் மாத்திட்டுத்தான் ஏறுங்கன்னு சொன்னேன்."

நான்கு வருடம். ஒவ்வொரு நாளும் அதில் ஏறி இறங்கியிருக்கிறேன்.

இன்னும் என்னென்னவோ பேசினோம். ராத்திரிக்கு என்ன, கேஸ் சிலிண்டர் சொல்லியாச்சா. ஒருமுறை, "கோபுரத்துக்கு மேல இருந்து நம்ம வீடு தெரியுமாம், சொன்னாங்க" என்றான். நான் "மன்னிச்சுடு" என்றேன். அவன் "ஆள் வந்துட்டாரு, சத்தம் கேக்குது பாரு" என்றான்.

வந்தவர் கதவைத் திறந்து என்னை மூன்றாவது மாடியில் இறக்கிவிட்டார். தகட்டை மாற்றினார். பழையதைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். ஓரம் நகம் மாதிரி தேய்ந்திருந்தது. பிறகு அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க" என்றார்.

படியில் போகவில்லை. ஏழாவது மாடிக்கு அதே லிஃப்டில் போனேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, காலையில் விட்ட இடத்திலிருந்து ஐந்து மணிவரை தட்டச்சு செய்தேன்.